எண்ணெய் உண்ட வெண்கலம்

பொட்டலம் கட்டும் இயந்திரமோ, சீசாக்களுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரமோ, அச்சகத்தில் காகிதத்தைத் தாள் தாளாக எடுத்துக் கொடுக்கும் கருவியோ, எதன் மூடியைத் திறந்து பார்த்தாலும் நம் கண்ணை முதலில் இழுப்பவை மோட்டாரும் பற்சக்கரங்களும் பட்டைகளுமே. அச்சக்கரங்களைச் சுமக்கும் தண்டுகள் எவற்றின் துளைக்குள் சுழல்கின்றனவோ அந்தச் சிறிய வெண்கல வளையங்களை நாம் கவனிப்பதில்லை. ஆயினும் இவ்வகை இயந்திரங்கள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை அவ்வளையங்களே. ஓர் இயந்திரத்தில் தண்டு சுழலும் ஸ்தானங்கள் ஐம்பது இருக்கலாம். அவற்றுள் பத்துக்காவது கை எட்டாது. எட்டுகிற இடங்களுக்கும் வேளை தவறாமல் எண்ணெய் விடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவன் மறந்தால் தண்டு தேயும், மிகுதியாக விட்டால் எண்ணெய் வழிந்து காகிதத்தையும் துணியையும் தின்பண்டத்தையும் பாழாக்கும். இந்தச் சங்கடத்தை, தன் உடம்புக்குள்ளேயே எண்ணெயைச் சுமந்துகொண்டிருக்கும் ஓர் உலோக வளையம் பெரிதும் தீர்த்து வைத்தது என்றால், அதன் சுபாவத்தைச் சற்று நின்று அறிந்துகொள்வது நியாயமே.

பட்டறைகளில் இதனைப் புஷ் என்பார்கள்; ஒரு முனையில் தொப்பியின் ஓரம் போல அகன்ற விளிம்பு உடையதைக் காலர் புஷ் என்பார்கள். 12 மில்லிமீட்டர் துளையும், 18 மில்லிமீட்டர் புறவிட்டமும், 12 மில்லிமீட்டர் நீளமும், ஒரு முனையில் 24 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள விளிம்பும் கொண்ட ஒரு காலர் புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கடைந்தெடுத்த சாதாரண வெண்கலத்துக்கும் அதற்கும் பேதம் இருப்பதாகத் தோன்றாது. தராசில் வைத்தால்தான் உண்மை வெளிப்படும். திட வெண்கலத்தின் எடை கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8.8 கிராம், இந்தப் புஷ்ஷோ எண்ணெயோடு சேர்த்து நிறுத்தாலும் அதே கன அளவுக்கு 6.4 முதல் 6.8 கிராம் வரைதான் நிற்கும். அதன் கன அளவில் கால் பங்குக்குக் குறையாத இடம் வெற்றிடமாகும்; அவ்வெற்றிடத்தின் பெரும்பகுதியை எண்ணெய் நிரப்பியிருக்கிறது. மொத்தக் கன அளவில் நூற்றுக்குக் குறைந்தது 18 பங்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்பது இத்தகைய புஷ்களுக்கு வகுத்துள்ள பிரமாணம். நாம் எடுத்துக்கொண்ட புஷ்ஷுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், அதனுள் அடங்கியிருப்பது அரை மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவான எண்ணெயே. இவ்வளவு சொற்பமான எண்ணெயைக் கொண்டு ஒரு தண்டு ஆண்டுக் கணக்கில் சுழல முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிற விஷயம்.

எண்ணெயைப் பொருளின் உள்ளேயே தேடும் எண்ணம் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் கடிகாரம் செய்த ஜான் ஹாரிஸன், தம் காலத்து எண்ணெய்கள் நாளடைவில் கெட்டியாகிப் பிசினாய்ப் போய்க் கடிகாரத்தின் கதியைக் கெடுப்பதைக் கண்டு, வெப்பமண்டல அமெரிக்காவில் விளையும் லிக்னம் வைட்டே என்ற மரத்தைத் தண்டுகள் சுழலும் இடங்களில் பதித்தார். அம்மரத்தின் இழைகளிலேயே பசையான பிசின் ஊறியிருப்பதால் அதற்கு வேறு எண்ணெய் வேண்டுவதில்லை. லிங்கன்ஷயரில் பிராக்கில்ஸ்பி பார்க் என்னும் மாளிகையில் அவர் 1720-களில் அமைத்த கோபுரக் கடிகாரம் இன்றளவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் நீராவிக் கப்பல்களின் உந்துசுழலித் தண்டைத் தாங்குவதற்கும் அதே மரம் பயன்பட்டது. ஆனால் மரம் மரமே. அதன் துவாரங்களை நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ள முடியாது. உலோகத்தில் அவ்வாறு துவாரங்களை அமைத்து எண்ணெயூட்ட முடியும் என்ற நிலை ஏற்படுவதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கில்ஸன் என்பவர், செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றின் பொடிகளோடு கிராஃபைட்டையும் கலந்து சுட்டுச் செய்த துவாரமுள்ள புஷ்ஷுக்கு 1916-இல் காப்புரிமை பெற்றார். 1930-களின் தொடக்கத்தில் கிரைஸ்லர் மோட்டார் நிறுவனம் எண்ணெய் ஊறிய வெண்கலத்தை ஆயிலைட் என்ற பெயரில் செய்து, தன் கார்களில் எண்ணெய் விடுவோர் கை எட்டாத மூலைகளிலெல்லாம் அதனைப் பொருத்தியதோடு, பிறருக்கும் விற்கத் தொடங்கிற்று. அந்தப் பெயர் இன்று இந்த இனம் முழுவதற்குமே வழங்குகிறது.

வார்ப்படத் தொழிலாளிக்கு உலோகத்தினுள் நுண்ணிய துவாரம் விழுவது பெருங்குற்றம். விக்கிரகம் வார்ப்பவரும், வெண்கலப் பானை வார்ப்பவரும், மணி வார்ப்பவரும் அக்குற்றம் நேராதிருக்கவே தம் வித்தை முழுவதையும் செலவிடுகிறார்கள். இந்தப் புஷ்ஷைச் செய்பவர்களோ அதே துவாரத்தை வேண்டி விரும்பி, அளவோடு உண்டாக்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள். அதற்கு வார்ப்பு முறை உதவாது. உருகிய உலோகம் தானாகவே எல்லா இடத்தையும் நிரப்ப முயலுமாதலால், உருக்குவதையே தவிர்த்து, பொடியிலிருந்து தொடங்குகிறார்கள். செம்புப் பொடி 90 பங்கு, வெள்ளீயப் பொடி 10 பங்கு, வேண்டுமானால் கிராஃபைட் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு, டை என்னும் எஃகு அச்சின் சுவரில் பொடி உராயாமல் வழுக்கிச் செல்வதற்காக ஸ்டியரேட் என்னும் மெழுகுப் பொருள் சிறிதளவு, இவற்றை ஒன்றாகக் கலந்து, எஃகு டையில் இட்டு, மேலும் கீழும் இருந்து அழுத்துகிறார்கள். உதிரியாகக் கொட்டிய பொடி ஏறத்தாழப் பாதி உயரத்துக்கு ஒடுங்கி, புஷ்ஷின் உருவத்தைப் பெற்று வெளிவருகிறது. இந்நிலையில் அதற்கு உருவம் உண்டேயொழியப் பலம் இல்லை. கை விரல்களால் அழுத்தினாலே உடையும்.

அடுத்து நிகழ்வதுதான் இத்தொழிலின் ஜீவன். அழுத்திய புஷ்களை, காற்றிலுள்ள பிராணவாயு தீண்டாதபடி ஹைட்ரஜன் கலந்த வாயு நிரம்பிய உலைக்குள், ஓடும் பட்டையின் மேல் வைத்து மெல்ல அனுப்புகிறார்கள். உஷ்ணம் ஏற ஏற மெழுகு ஆவியாகி வெளியேறுகிறது. உஷ்ணம் 232 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் வெள்ளீயத் துகள்கள் உருகுகின்றன. ஆனால் செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி வேண்டுமாதலால் செம்புத் துகள்கள் திடமாகவே நிற்கின்றன. உருகிய வெள்ளீயம் அண்டையிலுள்ள செம்புத் துகள்களின் இடுக்குகளில் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பிலேயே கரைந்து, அதனை வெண்கலமாக்குகிறது. வெள்ளீயத் துகள் முன்பு குடியிருந்த இடமோ வெற்றிடமாகி விடுகிறது. உலையின் உச்ச உஷ்ணம் 800 முதல் 850 டிகிரி வரை. அந்த உஷ்ணத்தில் சில நிமிஷங்கள் தங்கும்போது துகளும் துகளும் தொடும் இடங்கள் பற்றிப் பிணைந்து ஒரே உடம்பாகின்றன. இன்னும் அதிக நேரம் வைத்தால் பிணைப்பு வலுக்கும், துவாரங்கள் மூடத் தொடங்கும்; குறைத்து வைத்தால் துவாரங்கள் நிறைய இருக்கும், பலம் இராது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய பாதையைத் தவறவிடாமல் பிடிப்பதில்தான் நல்ல தயாரிப்பாளரின் திறமை இருக்கிறது.

உலையிலிருந்து வந்த புஷ் அளவில் சிறிது மாறியிருக்கும் என்பதால், அதை மீண்டும் ஒரு டையில் இட்டு அழுத்தி அளவைச் சரி செய்கிறார்கள். கடைசியாக எண்ணெயூட்டல். புஷ்களை ஒரு பாத்திரத்தில் நிரப்பி, உள்ளேயுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடான எண்ணெயைப் பாய்ச்சி, பின் வெளிக் காற்றை விட்டால், வளிமண்டலத்தின் பாரமே எண்ணெயைத் துவாரங்களுக்குள் தள்ளிவிடும். தலைமயிரின் பருமனில் பல பங்கு சிறியவை அத்துவாரங்கள். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. கோடையில் ஆற்று மணலைத் தோண்டினால் சுற்றியுள்ள மணலிலிருந்து நீர் கசிந்து வந்து ஊற்றில் சேர்வதைப் பார்க்கிறோம். இறைத்தால் மீண்டும் ஊறுகிறது, இறைக்காவிட்டால் ஓரளவோடு நின்றுவிடுகிறது. வெண்கலத் துகள்களின் இடுக்குகளில் எண்ணெய் இருக்கும் நிலையும், அங்கிருந்து அது வரும் விதமும் இவ்வாறானவையே.

அது எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். தண்டு சுழலத் தொடங்கியதும் உராய்வினால் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் விரிவது, வெண்கலம் விரிவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். விரிந்த எண்ணெய்க்குத் துவாரங்களில் இடம் போதாமல் அது வெளியே கசிகிறது. நம் புஷ்ஷில் உஷ்ணம் 40 டிகிரி ஏறினால் கசியக்கூடிய எண்ணெய் சுமார் 12 கன மில்லிமீட்டர். தண்டுக்கும் துளைக்கும் இடையே, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்குப்படி விடப்பட்ட சந்து முழுவதையும் நிரப்புவதற்கு வேண்டியதோ 3 கன மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் ஓரங்களிலும் புறப்பரப்பிலும் போவது போக மிஞ்சுவதே தேவைக்குப் போதுமானது. இரண்டாவது காரணம், சுழலும் தண்டு தானே ஒரு பம்பாக வேலை செய்வது: பாரம் படும் பக்கத்தில் எண்ணெய் நெருக்குண்டு துவாரங்களுக்குள் புகுகிறது, பாரம் இல்லாத பக்கத்தில் அழுத்தம் குறைவதால் அங்கிருந்து வெளிவருகிறது, இவ்விதம் புஷ்ஷின் சுவருக்குள்ளேயே ஓர் ஓட்டம் நடைபெறுகிறது. மூன்றாவது, நுண்துளைகளின் கவர்ச்சி. இயந்திரம் நின்று புஷ் குளிர்ந்ததும் வெளியே வந்திருந்த எண்ணெயின் பெரும்பகுதியை அத்துளைகள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. செலவழித்ததைப் பெரும்பாலும் மறுபடி சேமித்துக்கொள்வதால்தான் அரை மில்லிலிட்டர் எண்ணெய் அவ்வளவு காலம் வருகிறது.

இவ்வளவு நன்மை உடைய பொருளுக்கு ஏன் எல்லா இயந்திரங்களையும் ஒப்படைத்துவிடலாகாது என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை, இந்தப் புஷ் பிறப்பதற்கு வெகு முன்பே நடந்த ஒரு பரிசோதனையில் அடங்கியிருக்கிறது. லண்டன் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பொருட்டு, ரெயில் வண்டி அச்சுகளைத் தாங்கும் பித்தளைகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்த பீச்சம் டவர் என்பவர், எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். கீழே எண்ணெயில் தோய்ந்தவாறு தண்டு சுழன்றபோது, மேலிருந்து எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக, உள்ளிருந்து எண்ணெய் பொங்கி அத்துளை வழியாக மேலே வந்தது. மர ஆப்பு வைத்து அடைத்துப் பார்த்தார்; ஆப்பையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றியது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, தாங்கியின் மேலுள்ள சராசரி பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாயிருக்க, எண்ணெயின் அழுத்தம் 200 பவுண்டையும் கடந்து நின்றது. 1883-இல் வெளிவந்த இந்த முடிவைக் கொண்டே, சுழலும் தண்டு எண்ணெயை ஆப்பு வடிவமான சந்துக்குள் இழுத்துச் சென்று, அதனால் எழும் அழுத்தத்தின்மேல் தானே மிதக்கிறது என்ற தத்துவத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணித முறையில் நிலைநாட்டினார்.

டவரின் துளை நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு பக்கம் உடையது. எண்ணெய்க்குள் அத்தகைய அழுத்தம் எழுகிறது என்பது ஒரு பக்கம். பாரம் படும் இடத்தில் ஒரு துளை இருந்தால் அந்த அழுத்தம் அதன் வழியே ஓடிவிடும் என்பது மற்றொரு பக்கம். எண்ணெய் உண்ட வெண்கலத்தில் பாரம் படும் இடம் முழுவதும் துளைகளே. திட வெண்கலப் புஷ்ஷில் தண்டை முழுமையாக மிதக்கவைக்கும் அழுத்தம், இங்கே ஓரளவு துவாரங்களுக்குள் கசிந்து குறைந்துவிடுகிறது. ஆகவே தண்டு பல சமயங்களில் முழுவதும் மிதக்காமல், மெல்லிய எண்ணெய்ப் பூச்சின்மேல் அங்கங்கே உலோகத்தைத் தொட்டுக்கொண்டே சுழல்கிறது. சுவரின் கனமும், எண்ணெயை ஊடுருவ விடும் அதன் தன்மையும் சேர்ந்து எந்த எல்லைக்குப் பிறகு இந்த மிதப்பைக் கெடுக்கும் என்பதை 1957-இல் மார்கனும் கேமரனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெற்றிடத்தை இன்னும் அதிகமாக்கினால் எண்ணெய் அதிகமாக அடங்கும் என்பது மெய்யே. அதிகமாக அடங்கிய எண்ணெய் தண்டைத் தாங்க உதவாமல் ஓடிப்போகும் என்பதும் அவ்வளவு மெய். கால் பங்கு வெற்றிடம் என்ற பிரமாணம் இவ்விரண்டு உண்மைகளுக்கிடையே செய்துகொண்ட சமரசமாகும்.

இதனால்தான் லேசான வேலை செய்யும் இயந்திரங்களே இதன் உரிமை இடம் என்று சொல்கிறோம். பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்டு புஷ்ஷின்மேல் சுமத்தும் அழுத்தத்தைச் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்றும், அதன் புறப்பரப்பின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் தொகை 1.75-ஐ மிஞ்சலாகாது. நம் 12 மில்லிமீட்டர் தண்டு, சாதாரண மோட்டாரின் வேகமான நிமிஷத்துக்கு 1,440 சுற்று சுழல்வதாக வைத்துக்கொண்டால், அந்தப் புஷ் தாங்கக்கூடிய மிகுதியான பாரம் ஏறக்குறைய 28 கிலோ எடை. விவேகமுள்ள வடிவமைப்பாளர் அதில் பாதிக்குமேல் வைக்க மாட்டார். வேகத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பாரத்தைப் பத்து மடங்காக்கலாம் என்று எண்ணுவது தவறு. வேகம் எவ்வளவு குறைந்தாலும் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டனுக்கு மேல் இந்தத் துவாரமுள்ள உடம்பு தாங்காது. உஷ்ணத்துக்கும் எல்லை உண்டு. சாதாரண எண்ணெய் ஊட்டியதை 90 டிகிரிக்குமேல் நெடுநேரம் ஓட்டினால், எண்ணெய் கெட்டுப் பிசினாகித் துவாரங்களையே அடைத்துவிடும். ஹாரிஸன் அஞ்சிய அதே வியாதி. கூடை ஊஞ்சல்போல முழுச் சுற்றுச் சுற்றாமல் முன்னும் பின்னும் அசையும் தண்டுகளுக்கும், சம்மட்டி அடிபோல அதிர்ச்சி விழும் இடங்களுக்கும் இதனைப் போடுவது உசிதமன்று. அங்கே கிராஃபைட் குச்சிகளைப் பதித்த திட வெண்கலமே நின்று உழைக்கும்.

காலர் என்ற விளிம்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தண்டு சுழல்வதோடு நில்லாமல், நீளவாக்கிலும் சற்று நகர்ந்து ஒரு பக்கம் தள்ளுவது உண்டு. சாய்வான பற்களுடைய சக்கரங்கள் இருந்தால் அத்தள்ளல் நிச்சயம். அதைத் தாங்குவதும், புஷ் தான் பொருந்தும் இடமாகிய வீட்டுத் துளைக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை வரையறுப்பதும் இவ்விளிம்பின் கடமை. செய்பவருக்கோ இது தொல்லை தருவது. பொடி நீரைப்போலப் பக்கவாட்டில் ஓடாது. அழுத்தும் திசையிலேதான் ஒடுங்கும். ஆதலால் விளிம்புக்கு வேண்டிய பொடியையும் உடம்புக்கு வேண்டிய பொடியையும் தனித்தனி உயரத்துக்கு நிரப்பி, தனித்தனி அழுத்துக்கோல்களால் அழுத்தாவிட்டால், ஒன்று இறுகியும் மற்றொன்று தளர்ந்தும் போகும். விளிம்பும் உடம்பும் கூடும் மூலையே புஷ்ஷின் பலவீனமான ஸ்தானம். அங்கே கூர்மையாக விடாமல் சற்று உருட்டிவிடுவார்கள். அதற்கு ஏற்ப வீட்டுத் துளையின் வாயிலும் சிறிது சரிவு வெட்ட வேண்டும். வெட்டாமல் விளிம்பின்மேல் சுத்தியால் அடித்து இறக்கினால், விளிம்பு தனியே கையோடு வந்துவிடும்.

இந்த அடியைக் காட்டிலும் பெரிய தீங்குகளை, நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தோடேயே பலர் இதற்குச் செய்கிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது. புஷ்ஷை வீட்டுத் துளைக்குள் அழுத்தியதும் அதன் துளை சிறிது சுருங்கும். அச்சுருக்கத்தைக் கணக்கிட்டே அதன் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. அதை அறியாமல் ரீமரை விட்டுத் துளையைப் பெரிதாக்கினால், மென்மையான வெண்கலம் இழுபட்டுத் துவாரங்களின் வாயெல்லாம் மூடிக்கொள்ளும். உள்ளே எண்ணெய் நிறைந்திருந்தும் தண்டு வறண்டு தேயும். சரியான முறை, தண்டின் அளவுக்குக் கடைந்து மெருகிட்ட எஃகுக் குச்சியொன்றைத் துளைக்குள் செருகி, அதோடு சேர்த்து அழுத்தி இறக்குவது. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவினால் ஊறியிருந்த எண்ணெய் கரைந்து வெளியேறிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தால் தாள் எண்ணெயைக் குடித்துவிடும். நூற்பாலைகளில் பறக்கும் பஞ்சு புஷ்ஷின் ஓரத்தில் திரண்டு ஒட்டிக்கொண்டால், அதுவும் ஒரு திரியாக இருந்து எண்ணெயை இழுத்துக் காலி செய்யும். ஆதலால் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அந்த ஓரங்களைத் துடைத்து வைப்பது அலங்காரத்துக்காகச் செய்யும் வேலையன்று. தண்டும் வழவழப்பாக இருத்தல் அவசியம். லேத்தில் கடைந்த வரிகளோடு அப்படியே போட்டால் அவ்வரிகள் துவாரங்களின் வாயை அரமாக இருந்து அராவும்.

ஊறிய எண்ணெய் தீர்ந்துபோனால் புஷ்ஷின் ஆயுள் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். மேஜை மின்விசிறிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள், புஷ்ஷைச் சுற்றிக் கம்பளித் துண்டு ஒன்று வைத்திருப்பதைக் கண்டிருப்பார்கள். அதில் நல்ல மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விட்டால், சுவரின் ஊடே அது உள்ளே சென்று சேரும். கெட்டியான கிரீஸை அப்புவது மட்டும் கூடாது. அதன் சோப்புச் சத்து துவாரங்களை அடைத்துவிடும்.

கடைசியாக, இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில், அளவு ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால், லேத்தில் கடைந்த கன்மெட்டல் என்னும் திட வெண்கலப் புஷ்ஷைப் போட்டு ஓட்டுவது எங்கும் நடக்கிறது. எண்ணெய் விடத் துளையே இல்லாத இடத்தில் அது சில நாளில் தண்டைப் பிடித்துக்கொள்ளும்; பழி இயந்திரத்தின்மேல் விழும். வாங்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். புஷ்ஷைச் சூடான தகட்டின்மேல் சிறிது நேரம் வைத்தால், எண்ணெய் ஊறியதாயின் அதன் மேனியெங்கும் நுண்ணிய எண்ணெய் முத்துகள் அரும்பும். ஆறவிட்டால் அவற்றுள் பெரும்பகுதி உள்ளே மறைந்துவிடும். அரும்பாதது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதனை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.